பிரேக் மிதித்தால் இடது பின்விளக்கு மங்குகிறது: பல்பு மாற்றியும் சரியாகவில்லை

கேள்வி – உப்பளத்தான், தூத்துக்குடி

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு சிறிய பெட்ரோல் கார். அதன் பின்விளக்குகள் எல்.இ.டி. அல்ல, பழைய வகைப் பல்புகள்தான். சில வாரங்களாக இடது பின்விளக்கு மட்டும் விசித்திரமாக நடந்துகொள்கிறது. பார்க் லைட்டை மட்டும் போட்டால் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே வெளிச்சம்தான். ஆனால் அந்த நிலையில் பிரேக்கை மிதித்தால் வலது பக்கம் பளிச்சென்று எரிகிறது. இடது பக்கமோ வெளிச்சம் கூடுவதற்குப் பதிலாக முன்பைவிட மங்கிவிடுகிறது. அதே நேரத்தில் இடது இண்டிகேட்டர், நான் போடாமலேயே, அணையப் போகும் கங்கு போல லேசாகச் சிவக்கிறது. இடது இண்டிகேட்டரைப் போட்டாலோ, அது சிமிட்டும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் பார்க் லைட்டும் மங்கி மங்கி எரிகிறது.

பல்பைப் புதிதாக வாங்கி மாற்றிவிட்டேன், பயனில்லை. பியூஸ்கள் நன்றாக உள்ளன. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.4 வோல்ட் காட்டுகிறது. அவ்வளவு வோல்ட் வரும்போது பல்பு ஏன் மங்க வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இங்குள்ள ஒரு கடையில் காட்டியபோது, விளக்கைக் கழற்றிக்கூடப் பார்க்காமல், பின்பக்க ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவு செலவு செய்வதற்கு முன், வீட்டிலேயே நான் சோதித்துப் பார்க்கக்கூடியவை என்னென்ன என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கையில் மல்டிமீட்டரும் ஒரு ஸ்பேனர் செட்டும் உள்ளன.

பதில் – பட்டறைக்காரர், மதுரை

வணக்கம் தம்பி. ஒயரிங்கை மாற்ற வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அனைத்தும் இடது விளக்கின் எர்த்தைத்தான், அதாவது மின்சாரம் காரின் இரும்பு உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் இணைப்பைத்தான் காட்டுகின்றன. ஒரு விளக்கு அடியோடு எரியாவிட்டால் பல்பையும் பியூஸையும் சந்தேகிக்கலாம். ஆனால் ஒன்றைப் போட்டால் இன்னொன்று மினுங்குகிறது என்று வண்டிக்காரர் சொன்னால், பட்டறையில் நாங்கள் முதலில் கை வைப்பது எர்த்தில்தான்.

பெரும்பாலான கார்களில் பார்க் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் ஆகியவற்றுக்கு மின்சாரம் தனித்தனி ஒயர்களில் வந்தாலும், அது திரும்பிப் போவதற்கு மூன்றுக்கும் பொதுவாக ஒரே எர்த் ஒயர்தான் இருக்கும். அந்த வழி அடைபட்டுவிட்டால், பிரேக் லைட்டின் இழைக்கு (பல்புக்குள் சூடாகி ஒளிரும் மெல்லிய கம்பிக்கு) வந்த மின்சாரம் வேறு வழி தேடும். பக்கத்தில் இருக்கும் இண்டிகேட்டர் பல்புக்குள் தலைகீழாக நுழைந்து, அந்த ஒயர் வழியாகவே முன்பக்க இண்டிகேட்டர் வரை போய், அங்கே இருக்கும் எர்த்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படி 21 வாட் இழைகள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால், இருக்கும் 12 வோல்ட் பங்காகி, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 4 வோல்ட் மட்டுமே கிடைக்கும். அதனால்தான் பிரேக் லைட் மங்குகிறது. போடாத இண்டிகேட்டரும் மினுங்குகிறது. இருட்டிய பிறகு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்பக்க இடது இண்டிகேட்டரைப் போய்ப் பாருங்கள். அதுவும் லேசாக எரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பார்க் லைட்டை மட்டும் போடும்போது குறை வெளியே தெரியாததற்கும் காரணம் உண்டு. அந்த இழை வெறும் 5 வாட். அதற்கு அரை ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே போதும். அந்தச் சிறிய அளவு எந்த ஓட்டை வழியாகவும் சமாளித்துத் திரும்பிவிடும். பிரேக் இழைக்கோ ஏறத்தாழ 1.75 ஆம்பியர் வேண்டும். எர்த் ஒயரில் ஒரே ஒரு ஓம் தடை ஏற்பட்டாலும், பார்க் லைட்டில் இழப்பு அரை வோல்ட்டைத் தாண்டாது. பிரேக்கும் சேர்ந்து எரியும்போது அது ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் போய்விடும்.

உங்கள் 12.4 வோல்ட்டுக்கு வருவோம். பல்பைக் கழற்றிவிட்டு மீட்டர் வைக்கும்போது அந்த ஒயரில் மின்சாரம் ஓடுவதே இல்லை. ஒயரின் உள்ளே ஒரே ஒரு செம்பு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும். அதோடு, மீட்டரின் கறுப்பு முனையை ஹோல்டரின் எர்த்தில் வைத்தீர்களா, காரின் உடம்பில் வைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. உடம்பில் வைத்திருந்தால், குறை இருக்கும் பாதையை மீட்டர் தொடவே இல்லை.

ஆகவே சோதனையை இப்படிச் செய்யுங்கள். டிக்கியைத் திறந்து, விளக்கைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி, விளக்கை வெளியே இழுத்து வையுங்கள். ஆனால் பல்புகளும் கப்ளரும் (ஒயர்களை விளக்கோடு இணைக்கும் பிளக்) மாட்டியபடியே இருக்கட்டும். பார்க் லைட்டைப் போட்டு, பிரேக்கையும் மிதித்தபடி வைத்திருங்கள். உதவிக்கு ஆள் இல்லையென்றால் சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுக்கலாம். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை உடம்பில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும், சிவப்பு முனையை ஹோல்டரின் எர்த் தகட்டிலும் வையுங்கள். நல்ல எர்த்தாக இருந்தால் 0.2 வோல்ட்டுக்குள்தான் காட்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் எர்த் விட்டுவிட்டது என்று பொருள். ஒரு துண்டு ஒயரை எடுத்து அந்தத் தகட்டையும் போல்ட்டையும் தற்காலிகமாக இணைத்துப் பாருங்கள். விளக்கு உடனே பளிச்சென்று எரிந்தால் நோய் உறுதி.

பிறகு எர்த் ஒயரைப் பின்தொடர்ந்து போக வேண்டும். பெரும்பாலும் அது டிக்கியின் பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால், உடம்பில் ஒரு போல்ட்டில் முடியும். உங்கள் ஊரில் உப்புக்காற்று சும்மா இருக்காது. அந்த இடத்தில் துருவோ பச்சைக் களிம்போ பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் உலோகம் மின்னும் வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கியபின் மேலே சிறிது வாசலின் தடவிவிடுங்கள்.

பதில் – கொங்குநாட்டு ஓட்டுநர், கோவை

மேலே சொன்னவற்றோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். எனினும் புதிய பல்பையும் ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. பிரேக்குக்கும் பார்க் லைட்டுக்கும் சேர்த்து ஒரே பல்பு இருக்கும் கார்களில், அது 21/5 வாட் இரட்டை இழைப் பல்பாக இருக்க வேண்டும். கடையில் டபுள் கான்டாக்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் அடியில் இரண்டு ஈயப் புள்ளிகள் இருக்கும். பக்கவாட்டில் உள்ள இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. தவறான பக்கமாகத் திருகிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் தேய்ந்த ஹோல்டரில் அழுத்தித் திருகினால் மாறியும் உட்கார்ந்துவிடும். அப்போது பிரேக்குக்குரிய 21 வாட் இழை இரவு முழுவதும் பார்க் லைட்டாக எரியும். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் கண்ணாடி உருகியதை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் அவசரத்தில் ஒற்றைப் புள்ளி உள்ள பல்பைக் கொடுத்திருந்தால் வேறு வகைத் தொல்லை வரும்: அந்த ஒரு புள்ளி ஹோல்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டு, பிரேக் மிதிக்கும்போது டாஷ்போர்டு விளக்குகள்கூட எரியத் தொடங்கிவிடும்.

இன்னொன்று. இணையத்தில் பலர் இந்தக் குறைக்கு எல்.இ.டி. பல்பு போடுமாறு யோசனை சொல்கிறார்கள். அதற்கு மின்சாரம் குறைவாகப் போதும் என்பதால் கெட்டுப்போன எர்த்திலும் எரியலாம். ஆனால் குறை அப்படியேதான் இருக்கும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி. பல்பைப் போட்டால் வெளிச்சம் வெளிறி, தூரத்திலிருந்து பிரேக் லைட்டா பார்க் லைட்டா என்றே தெரியாது.

பதில் – நெல்லை வாசகன்

இவ்வளவு கழற்ற வேண்டுமா? விளக்கின் எர்த் தகட்டில் ஒரு புதிய ஒயரைச் சேர்த்து, பக்கத்தில் உடம்பிலேயே துளை போட்டு ஒரு திருகை இறக்கிவிட்டால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் அல்லவா?

பதில் – பட்டறைக்காரர், மதுரை

விளக்கு எரியும் என்பது உண்மைதான். ஆனால் பெயிண்டைத் துளைத்த இடத்தில் வெறும் இரும்பு வெளியே தெரியும். கடலோர ஊரில் அடுத்த மழைக்காலத்துக்குள் அங்கே துரு தொடங்கிவிடும். துரு பிடித்த திருகு மறுபடியும் கெட்ட எர்த்தாகிவிடும். அதைவிட முக்கியமானது, பழைய எர்த் எங்கே விட்டது என்று பார்க்காமல் விட்டால், அந்த இடம் சூடாகிக்கொண்டிருக்கிறதா என்பது தெரியாமலே போய்விடும். தற்காலிக ஒயர் சோதனைக்கு மட்டும் போதும்.

கேட்டவரின் பதில் – உப்பளத்தான், தூத்துக்குடி

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே சோதித்தேன். முன்பக்க இடது இண்டிகேட்டரும் லேசாக எரிகிறது. இதுவரை அதைக் கவனித்ததே இல்லை. பிரேக் மிதித்த நிலையில் ஹோல்டரின் எர்த் தகட்டுக்கும் உடம்புக்கும் இடையே 6 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஒரு துண்டு ஒயரால் இணைத்தவுடன் விளக்கு முழு வெளிச்சத்தில் எரிந்தது.

ஆனால் குறை போல்ட்டில் இல்லை. பக்கவாட்டு அட்டையைக் கழற்றி, 10 எண் ஸ்பேனரால் அந்த எர்த் போல்ட்டைத் திறந்து பார்த்தேன். துரு எதுவும் இல்லை. பிறகு சிவப்பு முனையைக் கப்ளருக்குப் பின்னால், எர்த் ஒயர் நுழையும் இடத்தில் செருகிப் பார்த்தபோது ஏறத்தாழ பூஜ்ஜியம்தான் காட்டியது. கப்ளருக்கு இந்தப் பக்கம், அதாவது விளக்கின் தகட்டில் வைத்தால் 6 வோல்ட். கப்ளரைப் பிரித்துப் பார்த்தால், மற்ற முனைகள் எல்லாம் பளபளப்பாக இருக்க, எர்த் முனை மட்டும் கறுத்துப்போய், அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறிச் சற்று உருகியும் இருக்கிறது. உப்புத்தாளால் தேய்த்தால் போதுமா, அல்லது கப்ளரையே மாற்ற வேண்டுமா?

பதில் – பட்டறைக்காரர், மதுரை

சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். விளக்கின் மற்ற முனைகள் ஒவ்வொன்றும் ஒரு இழையின் மின்சாரத்தை மட்டும் சுமக்கின்றன. எர்த் முனை எல்லாவற்றின் மின்சாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. அதனால்தான் பிடிப்பு தளர்ந்தவுடன் அது மட்டும் சூடாகிக் கருகுகிறது. தேய்த்தால் சில நாட்கள் எரியும். ஆனால் சூட்டில் கப்ளரின் பெண் முனையின் (விளக்கின் முனையைக் கவ்விப் பிடிக்கும் பகுதியின்) விறைப்பு போய்விட்டதால் பிடிப்பு மறுபடியும் தளரும். உருகிய கப்ளரை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பழைய உதிரிபாகக் கடைகளில் அதே மாடலின் கப்ளர், ஒரு சாண் ஒயரோடு கிடைக்கும். ஒயர்களின் நிறங்களைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வெட்டி ஒவ்வொன்றாக இணையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டிவிட்டால் பிறகு தலை சுற்றும். இணைப்புகள் அனைத்தும் ஒரே இடத்தில் குவியாமல் ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி இருக்கட்டும். முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாமல், கிரிம்ப் செய்தோ (உலோகக் குழலுக்குள் வைத்து நசுக்கி) ஈயம் வைத்தோ இணைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாயைப் போடுங்கள். விளக்குப் பக்கத்தில் உள்ள ஆண் முனையும் கறுத்திருந்தால், அதை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். அந்தத் தகடும் வளைந்து இளகியிருந்தால் மட்டும் விளக்கின் பல்பு ஹோல்டர் தகட்டையும் மாற்றுங்கள்.

பதில் – கொங்குநாட்டு ஓட்டுநர், கோவை

கையோடு வலது பக்கக் கப்ளரையும் திறந்து பார்த்துவிடுங்கள். அதற்கும் வயது ஒன்றுதான். பிளாஸ்டிக் பழுப்பேறத் தொடங்கியிருந்தால் கடையில் இரண்டாக வாங்கிக்கொள்ளலாம். விளக்கைத் திரும்ப மாட்டும்போது அதன் பின்னால் உள்ள ரப்பர் அல்லது ஸ்பஞ்சுப் பட்டை பிய்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அந்த வழியாக மழைத் தண்ணீர் இறங்கினால் முதலில் நனைவது இந்தக் கப்ளர்தான்.