கழுத்து ஃபில்லிங் ஏன் கழன்று வருகிறது? பாண்டிங் அனுபவங்கள்

பிரஷ் தேய்த்துத் தேய்ந்த பல் கழுத்தில், அதாவது ஈறை ஒட்டிய பகுதியில், பாண்ட் என்ற பசையைத் தவிர பல் நிறக் காம்போசிட் ஃபில்லிங்குக்கு வேறு பிடிமானம் கிடையாது. பாண்ட் விட்டால் ஃபில்லிங் போச்சு. திரும்பி வரும் கேஸ்களைக் கவனியுங்கள்: எனாமலில் உட்கார்ந்த மேல் ஓரம் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும், ஈறு பக்கத்து டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கு) ஓரத்தில்தான் பழுப்புக் கோடு விழுந்திருக்கும். எனாமல் கிட்டத்தட்ட முழுக்கத் தாதுப்பொருள். ஆசிட்டால் அரித்து, நன்றாக உலர்த்தி, ரெசினை (பாண்டில் உள்ள பிசின்) விட்டால் போதும். 1955-இல் பல் ஆராய்ச்சியாளர் புவனகோர் காட்டிய வழி இன்றும் ஓடுகிறது. டென்டினில் கொலாஜன் எனும் புரத நாரும் தண்ணீரும் உண்டு. ஆசிட் இறங்கிய ஆழத்துக்கு ரெசின் இறங்காவிட்டால் கொலாஜன் நார்கள் மூடாமல் நிற்கும். டென்டினிலேயே இருக்கும் எம்எம்பி நொதிகள் அவற்றை மெல்ல அரித்துத் தின்னும். அன்று அசைக்க முடியாதது சில வருஷத்தில் விழுவது இப்படித்தான். 37% பாஸ்பாரிக் ஆசிட் எனாமலில் 15 முதல் 30 வினாடி இருக்கலாம், டென்டினில் 15-ஐத் தாண்டவே கூடாது.

—

டென்டினில் ஆசிட்டே வேண்டாம் என்பது என் கட்சி, சார். ஆசிட் ஜெல் எனாமல் ஓரத்துக்கு மட்டும். டென்டினுக்கு 10-எம்டிபி என்ற ஒட்டும் மூலப்பொருள் உள்ள செல்ஃப் எட்ச் (தனி ஆசிட் இல்லாமல் தானே அரித்து ஒட்டும் பாண்ட்). எம்டிபி பல்லின் கால்சியத்தோடு எளிதில் கரையாத உப்பாகச் சேர்ந்துகொள்ளும். இந்த வகையைச் சேர்ந்த கிளியர்ஃபில் எஸ்இ பாண்டை வைத்து பெல்ஜியத்தின் லூவனில் கழுத்து ஃபில்லிங்குகளை 13 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 90 சதவீதத்துக்கு மேல் விழாமல் நின்றன.

—

எந்த பாட்டில் என்பதை விட ஏர் சிரிஞ்சைப் பிடிக்கும் கைதான் முக்கியம். யுனிவர்சல் பாண்டை (தனி ஆசிட்டோடும் இல்லாமலும் போடக்கூடியது) தடவியதும் அதை இறுக்கும் லைட்டைக் காட்டிவிடுகிறார்கள். மைக்ரோபிரஷ்ஷால் 20 வினாடி அழுத்தித் தேய்க்க வேண்டும். பிறகு ஏர்: முதலில் தள்ளி நின்று மெல்ல, அப்புறம் கிட்டே. ஊதும்போது படலம் அலையடித்தால் சால்வென்ட்டும் (பாண்டைக் கரைத்திருக்கும் திரவம்) தண்ணீரும் இன்னும் உள்ளே இருக்கின்றன. அசையாமல், ஒரே சீராகப் பளபளத்தால்தான் லைட். காற்றோடு தண்ணீரோ கம்ப்ரஸர் எண்ணெயோ வருகிறதா என்று காலையிலேயே மவுத் மிரரில் ஊதிப் பாருங்கள். புள்ளி விழுந்தால் அன்றைய பாண்டிங் எல்லாமே சந்தேகம்தான். ஃபேனுக்குக் கீழே டாப்பன் டிஷ் என்ற சின்னக் கிண்ணத்தில் முன்கூட்டியே பாண்டைச் சொட்டு விட்டு வைக்காதீர்கள். சால்வென்ட்டான அசிட்டோன் பறந்தபின் மிஞ்சும் கெட்டிக் குழம்பு டென்டினுக்குள் இறங்காது.

—

இன்னும் சில. கழுத்து டென்டின் கண்ணாடி மாதிரி மின்னினால் அப்படியே பூசினால் பிடிக்காது. பர் எனும் சுழலும் முனையால் மேலாகச் சொரசொரப்பாக்குங்கள். ஈறு ரத்தத்தை நிறுத்தப் போடும் ஃபெரிக் சல்ஃபேட் படிந்தாலும் பிடிப்பு குறையும், நன்றாக அலச வேண்டும். ப்ளீச்சிங் முடித்தவர்களுக்கு இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள், பல்லில் தங்கிய ஆக்சிஜன் ரெசினை இறுக விடாது.

—

எம்எம்பியைத் தடுக்கக் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினி போடலாமா?

—

எட்ச் செய்து அலசிய டென்டினில் 2% கரைசலை 30 முதல் 60 வினாடி விட்டு, அலசாமல் அதிக ஈரத்தை மட்டும் ஒற்றி எடுத்துவிட்டு பாண்ட் போடுவார்கள். எம்எம்பியைத் தடுக்கும் என்பது லேபில் உறுதி. வாயில் பல வருஷக் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷத்தை ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைத் தனியாக்கும் ரப்பர் விரிப்பு) மாட்டச் செலவிடலாம், மேடம்.