ஒரே நாவலுக்கு இரண்டு தீர்ப்பு

இறந்துபோன அம்மாவின் குரலில் பேசும் ஓர் இயந்திரத்தோடு வாழ்கிற பெண்ணைப் பற்றியது என் நாவல். மூன்று வருட உழைப்பு. பதிப்பாளரிடமிருந்து கைப்பிரதி திரும்பி வந்தபோது முதல் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "நன்றாக இருக்கிறது, ஆனால் மெயின்ஸ்ட்ரீம் இல்லை." அதாவது அறிவியல் புனைவு, துப்பறியும் கதை போன்ற தனி வகைக்குள் அடங்காத பொது நாவல் இல்லையாம். அறிவியல் புனைவு மட்டுமே போடுகிற இன்னொருவருக்கு அனுப்பினேன். "இது மெயின்ஸ்ட்ரீம் நாவல்ங்க. அந்த மெஷின் எப்படி வேலை செய்யுதுன்னு எங்கேயுமே சொல்லலையே" என்றார் போனில். நடுவில் நான் ஒரு வரிகூட மாற்றவில்லை.

அறிவியல் புனைவுக்காரர்கள் வாயில் 'மெயின்ஸ்ட்ரீம்' என்ற சொல்லுக்கு 'நம்முடையது அல்லாதது எல்லாம்' என்று பொருள். தீவிர இலக்கியக்காரர்கள் சொன்னால் 'விற்பனைக்கு எழுதியது'. பதிப்பாளர் சொன்னால் 'எந்த அலமாரியில் வைப்பது என்று எனக்குத் தெரியும்'. யார் சொன்னாலும் எந்தப் பொருளில் சொல்கிறார் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன் இப்போது.

---

உங்கள் நாவலுக்கு நேர்ந்ததைப் படித்ததும் அமெரிக்க எழுத்தாளர் பிலிப் கே. டிக் நினைவுக்கு வந்தார். 1950களில் அறிவியல் புனைவு எழுதிச் சம்பாதித்தபடியே யதார்த்த நாவல்களையும் விடாமல் எழுதினார். 1959-ல் எழுதிய ஒன்று 1975-ல்தான் அச்சேறியது. அவர் உயிரோடிருந்தபோது வந்த யதார்த்த நாவல் அது ஒன்றுதான். அத்தனை வருடக் காத்திருப்பை நினைத்தால் மனசு கனக்கிறது.

நான் துப்பறியும் கதை எழுதுகிறவள். ஐந்தாவது நாவலில் கொலையே இல்லை, அண்ணன் தங்கைக்கு நடுவே ஒரு வீட்டுப் பிரச்சினை. புத்தகம் வந்தபோது அட்டையில் 'துப்பறியும் நாவல்' ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினேன். காகிதம் வந்துவிட்டது, பசை போகவில்லை. ஏமாந்துபோன வாசகர்களின் கடிதங்களுக்கு ஒன்றுவிடாமல் பதில் எழுதினேன். அவர்கள் கோபம் நியாயமானது. அடுத்த முறை வேறு பெயரில் எழுதச் சொல்கிறார் பதிப்பாளர். ஸ்காட்லாந்து எழுத்தாளர் இயன் பேங்க்ஸ் அறிவியல் புனைவுக்கு மட்டும் பெயருக்கு நடுவில் 'எம்' சேர்த்துக்கொண்டார், தெரியுமல்லவா? ஓரெழுத்து வித்தியாசம், இரண்டு அலமாரி.

---

உங்கள் இருவர் எழுதியதையும் படித்தேன். எனக்கு நேர்ந்தது தலைகீழ். பேய்க்கதைதான் எழுதினேன், 'மெயின்ஸ்ட்ரீம்' என்றே வெளியிட்டார்கள். மதிப்புரைகள் வந்தன, பேய் ஒரு குறியீடு என்று எல்லோரும் பாராட்டினார்கள். என் பேய் நிஜப் பேய். இருட்டில் பயந்து படிக்கிறவர்களுக்காக எழுதினேன். அவர்கள் கையில் அது இன்னும் போய்ச் சேரவில்லை. இரண்டாம் பதிப்பு வரப்போகிறது, பின்னட்டையில் 'பேய்' என்ற சொல்லாவது இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன்.