‘தாத்தா வீடு’ குழுவில் ஒரு சரளி வரிசைப் பஞ்சாயத்து

நான்: அத்தை, இருக்கிறீர்களா? பாப்பாவுக்குப் பாட்டு வகுப்பில் முதல் பாடமான சரளி வரிசைக்கு ச ரி க ம ப த நி ச எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக் கீபோர்டில் வாசித்தால் டீச்சர் பாடுகிற மாதிரியே இல்லை. கீபோர்டு ரிப்பேரா?

தம்பி: அக்கா, அது நான் வாங்கிக் கொடுத்தது. ரிப்பேர் எல்லாம் இருக்காது. எந்தக் கட்டையில் ஆரம்பிக்கிறாள்?

நான்: சி-யில் ஆரம்பித்து வரிசையாக எட்டு வெள்ளைக் கட்டை. பள்ளிக்கூடத்துக் கீபோர்டு வகுப்பில் அப்படித்தானாம்.

தம்பி: சி மேஜர். சரியாகத்தானே வாசிக்கிறாள்?

திருச்சி அத்தை: சரிதான், ஆனால் அது சங்கராபரண ராகம். டீச்சர் பாடுவது மாயாமாளவகௌளை ராகம். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? சுருதி எவ்வளவு என்று நோட்டில் இருக்கிறதா பார்.

சித்தப்பா: இனிய காலை வணக்கம் 🌹🙏

திருச்சி அத்தை: டேய், மணி சாயந்திரம் ஆறே முக்கால்.

நான்: நோட்டில் ‘5 கட்டை’ என்று போட்டிருக்கிறது. என்ன என்று கேட்கத் தயக்கமாக இருந்தது.

திருச்சி அத்தை: இதில் என்ன தயக்கம். ஆர்மோனியக் கணக்கு அது. சி-யை 1 என்று வைத்து வெள்ளைக் கட்டைகளை எண்ணிக்கொண்டே போ. டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. கறுப்பெல்லாம் அரை. சி-க்கும் டி-க்கும் நடுவில் இருப்பது ஒன்றரைக் கட்டை. டீச்சருடைய ச ஜி-யில் இருக்கிறது. ஆண்கள் பெரும்பாலும் 1, 1½ பக்கம் பாடுவார்கள். பெண்களும் குழந்தைகளும் 5, 5½ பக்கம்.

தம்பி: ஓ, அதனால்தான் மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லையா? இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்பே கிடையாதே.

திருச்சி அத்தை: அதேதான். ஏழரையும் கிடையாது.

சித்தப்பா: ஏழரை எனக்கு வீட்டிலேயே நடக்கிறது 😄

நான்: அப்போ ச என்றால் சி இல்லையா அத்தை?

திருச்சி அத்தை: இல்லை. சி எங்கே போனாலும் சி-தான். ச அப்படி இல்லை, பாடுகிறவர் குரலுக்கு எது தோதோ அங்கே உட்காரும். ச-வை வைத்த பிறகுதான் மற்ற ஆறுக்கும் இடம் தெரியும்.

இனி விரல் கணக்கு. வெள்ளை, கறுப்பு எல்லாவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். ச-விலிருந்து 1 தள்ளி ரி. அங்கிருந்து 3 தள்ளி க. 1 தள்ளி ம. 2 தள்ளி ப. மறுபடி 1, 3, 1. மேல் ச வந்துவிடும். மொத்தம் 12.

தம்பி: மேஜருக்கு 2, 2, 1, 2, 2, 2, 1. அதுவும் 12.

திருச்சி அத்தை: ஆமாம். மாயாமாளவகௌளையில் ச ரி க ம எப்படிப் போகிறதோ அச்சு அசல் அப்படியே ப த நி ச போகும். கீழ்ப் பாதி குரலில் படிந்துவிட்டால் மேல் பாதிக்குப் புதிதாகப் பாடுபட வேண்டாம். இதில் ஆரம்பிக்கிற வழக்கத்தைப் புரந்தரதாசர் ஏற்படுத்தியதாகச் சொல்வார்கள். மேளகர்த்தா என்கிற 72 தாய் ராகங்களில் இது 15-வது, சங்கராபரணம் 29-வது. நம்பரெல்லாம் பாப்பாவுக்கு இப்போது வேண்டாம்.

நான்: உட்கார வைத்துவிட்டேன். ஜி, அடுத்த கறுப்பு, அப்புறம் பி. சரியா? அந்தக் கறுப்பிலிருந்து பி-க்குத் தாண்டும்போது நடுவில் ஏ-யில் விரலை வைத்துவிடுகிறாள்.

திருச்சி அத்தை: ஏ-யைத் தொட்டால் சங்கராபரணத்து ரி. பள்ளிக்கூடத்துப் பழக்கம் அப்படி இழுக்கிறது. ச ரி, ச ரி என்று கொஞ்ச நேரம் அதை மட்டும் வாசிக்கட்டும். அப்புறம் க பி, ம சி, ப டி. த-வும் நி-யும் கறுப்பு.

தம்பி: எதற்கு இவ்வளவு கஷ்டம்? டிரான்ஸ்போஸில் −5 வைத்தால் சி-யை அழுத்தினாலே ஜி கேட்கும். சி-யிலிருந்தே வாசிக்கலாம்.

திருச்சி அத்தை: கச்சேரியில் வாசிக்கிறவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். இவளுக்கு வேண்டாம் என்பேன். அதே கட்டை பள்ளிக்கூடத்தில் சி-யாகவும் வீட்டில் ஜி-யாகவும் கேட்டால் குழந்தை எதை நம்பும்?

அம்மா: தாளம் போடுகிறாளா? எங்கள் காலத்தில் தாளம் போடாமல் வாயைத் திறக்க விடமாட்டார்கள்.

நான்: கை கீபோர்டில் இருக்கிறதே அம்மா.

திருச்சி அத்தை: அண்ணி சொல்வது சரி. முதலில் கீபோர்டு இல்லாமல் பாடிக்கொண்டு ஆதி தாளம் போடட்டும். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல். அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு எண்ணிக்கை. முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாளத்தின் வேகம் மாறவே கூடாது. குழந்தைகள் இரண்டாம் காலம் வந்ததும் தட்டுகிற கையையும் சேர்த்து ஓட்டுவார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்.

நான்: தாண்டல் வந்துவிட்டது! ம-வில் நின்றுகொண்டு “இதுதானே அந்த சி?” என்று கேட்கிறாள்.

திருச்சி அத்தை: கெட்டிக்காரி. ஆமாம் என்று சொல். நாளைக்கே டீச்சர் 5½-க்கு மாற்றினால் ம-வும் சி-யிலிருந்து பக்கத்துக் கறுப்புக்கு நகர்ந்துவிடும்.

சித்தப்பா: அக்கா, என் குரலுக்கு எத்தனை கட்டை?

திருச்சி அத்தை: கீழ் ப-வும் மேல் ப-வும் கஷ்டமில்லாமல் எட்டுகிற மாதிரி ச-வை வைக்க வேண்டும். இரண்டையும் பாடி வாய்ஸ் மெசேஜ் அனுப்பு, சொல்கிறேன். குழுவில் போடாதே, எனக்குத் தனியாக அனுப்பு.