லாப்ரடார் குட்டிக்கு எந்த உணவு? மாற்றி மாற்றிக் கொடுத்தும் மலம் இறுகவில்லை

முத்துவீட்டுக்காரன்

வணக்கம். எங்கள் முத்து ஏழு மாத ஆண் லாப்ரடார், எடை 24 கிலோ. சாப்பாட்டைக் கண்டால் விடமாட்டான், ஓட்டமும் ஆட்டமும் குறைவில்லை. பிரச்சினை மலம்தான். காலையில் முதல் தடவை போவது ஓரளவு உருவத்தோடு வருகிறது. அதற்கப்புறம் போவதெல்லாம் குழைந்து, தரையிலிருந்து எடுக்கவே முடியாதபடி இருக்கிறது.

ஒத்துக்கொள்ளவில்லை போல என்று வேறு வேறு டிரை ஃபுட் வாங்கிப் பார்த்துவிட்டேன். இப்போது கொடுப்பது வளர்ந்த நாய்களுக்கானது, புரதம் 22 சதவீதம். குட்டிகளுக்கான உணவில் புரதம் அதிகம், பெரிய நாய்க்கு எலும்பு கெட்டுவிடும் என்று ஒருவர் சொன்னதால் அதைத் தொடவில்லை. காதை வேறு சொறிகிறான், அதனால் தானியம் இல்லாத உணவுக்கு மாறலாமா என்றும் யோசனை. எந்த பிராண்ட் வாங்கலாம்? ஒரே வார்த்தையில் சொன்னாலும் போதும்.

காட்டுக்கூட்டம்

ஒரே வார்த்தை: பச்சை இறைச்சி. சரி, இரண்டு வார்த்தை. ஓநாயின் பேரனுக்குப் பாக்கெட் தீனி எதற்கு?

தராசுக்காரி

பிராண்ட் அப்புறம் பார்க்கலாம். முதலில் சில விஷயம் சொல்லுங்கள் சார். ஒரு நாளைக்கு எத்தனை கிராம் போடுகிறீர்கள்? கப் கணக்கு வேண்டாம், தராசில் வைத்துச் சொல்லுங்கள். அது தவிர அவன் வாய்க்குள் என்னென்ன போகிறது? ஒரு உணவிலிருந்து இன்னொன்றுக்கு எப்படி மாற்றினீர்கள்? குடற்புழு மருந்து கொடுத்தாயிற்றா, மலம் சோதித்தீர்களா? பாக்கெட்டில் கிலோவுக்கு எத்தனை கிலோ கலோரி என்று போட்டிருக்கும், அதுவும் வேண்டும்.

ரத்தம், வாந்தி, சோர்வு, எடை இறக்கம் இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இங்கே பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். மல மாதிரியோடு டாக்டரிடம் போய்விடுங்கள்.

முத்துவீட்டுக்காரன்

ரத்தம், வாந்தி எதுவும் இல்லை மேடம். புழு மருந்து கொடுத்தாயிற்று. டாக்டர் மலத்தைச் சோதித்து, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி உட்பட ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னார்.

தராசில் வைத்தேன். எங்கள் கப்பைத் தலைதட்டி எடுத்தால் 130 கிராம், குவித்து எடுத்தால் 175. நாளுக்கு மூன்று கப், குவித்துத்தான். மாலைத் தீனியை ஒரு கிண்ணம் பாலில் ஊறவைப்போம். பயிற்சிக்கு பிஸ்கட் உண்டு. அப்பா மேசைக்கு அடியில் என்ன நீட்டுகிறார் என்பது அவருக்கும் முத்துவுக்கும்தான் தெரியும். பழைய பாக்கெட் தீர்ந்தால் மறுவேளையே புதியது. கிலோவுக்கு 3,700 கிலோ கலோரி என்று போட்டிருக்கிறது.

தராசுக்காரி

நல்லது, இப்போது கணக்கு போடலாம். எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால் ஓய்வில் இருக்கும் உடம்புக்கு வேண்டிய ஆற்றல் கிடைக்கும். 24 கிலோவுக்கு அது ஏறக்குறைய 760 கிலோ கலோரி. நாலு மாதம் தாண்டிய குட்டிக்கு அதில் இரண்டு மடங்கு, அதாவது 1,520. உங்கள் உணவில் அது சுமார் 410 கிராம். நீங்கள் போடுவது 525. பால், பிஸ்கட், அப்பா கணக்கு எல்லாம் அதற்கு மேல்.

அளவுக்கு மிஞ்சிப் போனால் சிறுகுடலில் செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்குப் போய் நீரை இழுத்துக்கொள்ளும். பாலும் அதே வேலையைத்தான் செய்யும். தாய்ப்பால் மறந்த பிறகு பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி நாய்களுக்குக் குறைந்துவிடும். இதற்கிடையில் உணவைத் திடீர் திடீரென்று மாற்றினால் குடல் எப்போது பழகும்? கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது என்று தொடங்கி 7 முதல் 10 நாளில் முழுசாக மாற்ற வேண்டும்.

ஆகவே இன்றைக்குப் புதிதாக எதையும் வாங்காதீர்கள். பாலை நிறுத்துங்கள், ஊறவைக்க வெந்நீர் போதும். தீனியை 370 கிராமாக்கி மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மீதி 40 கிராமுக்கு ஈடான கலோரியை பிஸ்கட்டுக்கு விட்டுவிடலாம். தின்பண்டம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அப்பாவுக்கு ஒரு சின்ன டப்பாவில் அன்றைய பங்கைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், அதிலிருந்தே நீட்டட்டும். மேசை மிச்சத்தில் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று சேர்த்த இனிப்பு, வேகவைத்த எலும்பு எதுவும் கூடவே கூடாது.

மலம் இறுகின பிறகு உணவு வகையை மாற்றுங்கள். அது அவசியம், ஏனென்றால் வளரும் குட்டிக்கு வளர்ந்த நாயின் உணவு பொருந்தாது. எலும்பைக் கெடுப்பது புரதம் இல்லை. அளவு மீறிய கால்சியமும், அதிகத் தீனியால் வரும் வேகமான எடையேற்றமும்தான். பாக்கெட்டின் முன்பக்கப் படங்களை விடுங்கள். பின்னால் சின்ன எழுத்தில் ஆஃப்கோ (அமெரிக்கா) அல்லது ஃபெடியாஃப் (ஐரோப்பா) என்ற செல்லப்பிராணி உணவு அமைப்புகளின் தரப்படி எந்த வயதுக்கு முழுமையான உணவு என்ற ஒரு வரி இருக்கும். ஆஃப்கோ வாசகமானால் ‘வளர்ச்சி’ அல்லது ‘எல்லா வயதினருக்கும்’ என்று இருக்க வேண்டும். கூடவே, வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோவைத் தொடும் பெரிய நாய்களின் வளர்ச்சியும் அதில் அடங்கும் என்றும் இருக்க வேண்டும். அந்த வரி இருந்தால் ஈரம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டாது. மற்ற உணவுகளில் 2.5 வரை போகலாம். இதற்கு மேல் கால்சியம் டானிக் ஊற்ற வேண்டாம்.

இந்த வரி சரியாக இருக்கும் எந்த பிராண்டும் எனக்குச் சம்மதம்.

காட்டுக்கூட்டம்

முதல் பொருளாகக் கோழி இறைச்சி என்று போட்டிருப்பதாவது வாங்கச் சொல்லியிருக்கலாம். பாதிப் பாக்கெட் சோளம்தானே?

பழுப்புவால்

அந்தப் பட்டியல் எடை வரிசையில் வருவது. பச்சைக் கோழியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர்தான், அந்தக் கனத்தில் முதலிடம் பிடித்துவிடும். ஈர உணவையும் உலர் உணவையும் ஒப்பிடும்போதும் இதே குழப்பம்தான். டின்னில் 8 சதவீதப் புரதம் என்று பார்த்துவிட்டு ஏமாற வேண்டாம். ஈரம் 78 என்றால் மீதி 22-இல் 8, அதாவது 36 சதவீதம்.

ஓநாய்ப் பேரன் கதைக்கும் ஒரு வார்த்தை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று 2013-இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். அதை மட்டுமே தின்று வளரும் குட்டியின் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கும். பச்சையாகக் கொடுத்தால் சால்மோனெல்லா தட்டோடு நிற்காது, வீட்டு ஆட்களுக்கும் வரும்.

காட்டுக்கூட்டம்

என் நாய்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. சரி, குட்டி விஷயத்தில் வாதாட வரவில்லை.

பழுப்புவால்

முத்துவின் காது விஷயத்தை யாரும் தொடவில்லையே. காது மட்டும் என்றால் முதலில் டாக்டர் காதுக்குள் பார்க்கட்டும், தெள்ளுப்பூச்சியும் இருக்கிறதா என்று பாருங்கள். உணவு ஒவ்வாமையும் காதில் வரலாம்தான். ஆனால் அதில் அதிகம் மாட்டுவது மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி. கோதுமை அதற்கப்புறம்தான். உறுதி செய்ய ஒரே வழி, இதுவரை தின்னாத புரதமோ ஹைட்ரலைஸ் செய்த, அதாவது புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்த, உணவோ மட்டும் குறைந்தது 8 வாரம் கொடுத்துப் பார்த்து, பிறகு பழைய உணவைத் திருப்பிக் கொடுத்துச் சோதிப்பது. இரத்தச் சோதனை, முடிச் சோதனை எல்லாம் நம்பத்தக்கவை இல்லை.

தானியமில்லா உணவை நான் தொடமாட்டேன். அவற்றில் தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு வகைகள் அதிகம். இப்படிப்பட்ட உணவுக்கும் இதயத் தசை விரிவடையும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணை தொடங்கியது. காரணம் நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் தேவையில்லாமல் எதற்கு அந்தப் பக்கம் போக வேண்டும்?

மணிகட்டியவள்

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் நாய்க்கு 11 வயது. இரண்டு மடங்கு கணக்கு அவளுக்கும் பொருந்துமா? வயதான நாய்க்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்கிறார்களே?

தராசுக்காரி

பொருந்தாது அக்கா. கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு 1.6 மடங்கிலிருந்து தொடங்குங்கள், ஓட்டம் குறைந்த கிழவிக்கு அதற்கும் கீழே வரும். சிறுநீரகக் கோளாறு இல்லாமல் புரதத்தைக் குறைத்தால் தசைதான் கரையும். ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டுத் தனி இழை போடுங்கள், அங்கே பேசலாம்.

முத்துவீட்டுக்காரன்

நிலவரம் சொல்கிறேன். பாலை நிறுத்தி, 370 கிராம் வைத்து ஒரு வாரம் ஆயிற்று. இப்போது பையில் எடுத்தால் தரையில் ஒட்டவில்லை, மாலையில் போவதும்கூட. காதில் ஈஸ்ட் தொற்றாம், சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அந்த வரி இருக்கிற குட்டி உணவு ஒன்று கிடைத்தது, நேற்றிலிருந்து கால் பங்கு கலக்கிறேன். புதியதில் கிலோவுக்கு 3,950 கிலோ கலோரி. அதே 370 கிராமா? எத்தனை மாதம் வரை குட்டி உணவு?

தராசுக்காரி

இல்லை, புதியது முழுசாக ஆகும்போது 345 கிராம். கலோரி மாறினால் கிராமும் மாறும். இந்தக் கணக்கும் தொடக்கத்துக்குத்தான். ஒரே எடையுள்ள இரண்டு நாய்க்குத் தேவை நிறையவே வித்தியாசப்படும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போடுங்கள். விலாவை லேசாகத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கி இருக்க வேண்டும். விலாவைத் தேட வேண்டியிருந்தால் பத்து சதவீதம் குறையுங்கள், கண்ணுக்கே துருத்தித் தெரிந்தால் அந்த அளவு கூட்டுங்கள்.

லாப்ரடாருக்கு 12 முதல் 15 மாதம் வரை குட்டி உணவு, அப்புறம் மெல்ல வளர்ந்த நாயின் உணவு. நடுவில் கருத்தடை செய்தால் அந்த வாரமே தராசை எடுங்கள். தேவை குறையும், பசி மட்டும் கூடும்.