பிளேக் ஓவியத்தில் மெல்லிய துணி: வெள்ளை சுண்ணாம்பாட்டம் நிக்குது

பாளை_தூரிகை:
அண்ணாச்சிமாரே, நாடக விழா அரங்குக்காக ஆங்கிலக் கவிஞர், ஓவியர் வில்லியம் பிளேக்கோட ‘ஓபரான், டைட்டானியா, பக்’ வாட்டர்கலரைப் பார்த்து வரையுதேன். ஷேக்ஸ்பியரோட ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ காட்சி. 1786 வாக்குல வரைஞ்சது. வலப்பக்கம் வட்டமா ஆடுத நாலு பேரோட துணிக்குப் போஸ்டர் வெள்ளை வச்சா சுவத்துக்கு அடிச்சாப்ல இருக்கு. 300 ஜிஎஸ்எம் கனமான பேப்பரும் அப்பளமா நெளியுது.

ஆத்தங்கரை:
வெள்ளை டப்பாவை மூடி வையுங்க. போஸ்டர் கலர்ல ஒளி ஊடுருவாது, துணிக்கு அடியில உள்ள கால் எப்படித் தெரியும்? பேப்பரையே வெள்ளையா விடணும். பிளேக்கோட மூலப் படம் 47.5 × 67.5 செ.மீ.; 56 × 76 செ.மீ. முழு ஷீட்ல அதே அளவுல வரும், சுத்தி 4 செ.மீ. மிஞ்சும்.

பேப்பர் நெளியாம இருக்க, ஷீட்டை அஞ்சு நிமிஷம் தண்ணியில ஊறவச்சு, பிளைவுட்ல விரிச்சு, நனைச்சு ஒட்டுத பழுப்பு கம் டேப்பால நாலு ஓரமும் ஒட்டுங்க. மாஸ்கிங் டேப் ஈரத்துல நிக்காது. நிழல்ல படுக்கப் போட்டே காயணும். வெயில்ல வச்சா ஒரு பக்கம் முந்திக் காஞ்சு கிழிச்சிரும்.

அந்தக் காலத்துல முதல்ல சாம்பல்லயே நிழலெல்லாம் போட்டுட்டு, மேல மெலிசா நிறம் ஏத்துவாங்க. நீங்க காஞ்ச பிறகு தண்ணியில கரையாத இந்தியன் இங்க்கை (கருப்பு மை) நல்லா நீர்க்க வச்சுப் போடுங்க, மறு பூச்சுல கலங்காது. துணிக்குள்ள மடிப்பு மட்டும் வெளிர் சாம்பல். அதைச் சுத்தி இருட்டு ஏற ஏற துணி தானா வெளுக்கும்.

பாளை_தூரிகை:
துணியை மாஸ்கிங் ஃப்ளூயிட் (பூசிக் காய்ஞ்சதும் பிறகு உரிச்சு எடுக்குத ரப்பர் திரவம்) வச்சு மறைச்சிரலாமா?

ஆத்தங்கரை:
சித்திரை வெயில்ல வேண்டவே வேண்டாம். ரெண்டு நாள் விட்டா பேப்பரோட பிடிச்சுக்கிட்டு, உரிக்கையில நாரும் சேர்ந்து வரும். ஹேர் டிரையர் காட்டினா இன்னும் மோசம். விடியக்காலையில ஃபேனை அணைச்சுட்டு வரைஞ்சா ஓரத்தை இழுத்துக் கரைக்க நேரம் கிடைக்கும்.

தென்காசிச்_சாரல்:
பிளேக்கோட ‘பிட்டி’ (இரக்கம்) படம் இதைவிட உக்கிரமா இருக்குமே? ஷேக்ஸ்பியரோட ‘மெக்பெத்’ நாடக வரியை வச்சு வரைஞ்சது.

ஆத்தங்கரை:
அது 1795 வாக்குல செஞ்ச கலர் பிரிண்ட், தம்பி. பலகையில சாயம் பூசி பேப்பர்ல அழுத்தி எடுத்து, மேல மையும் வாட்டர்கலரும் தொட்டது. அந்தச் சொரசொரப்பு தூரிகையில வராது.

தென்காசிச்_சாரல்:
சரி. சட்டம் போடையில கண்ணாடி படத்துல ஒட்டாம இடையில மவுண்ட் போர்டு (படத்தைச் சுத்தி வைக்குத தடிச்ச அட்டை) வைக்கச் சொல்லுங்க. ஐப்பசி மழையில கண்ணாடி உள்பக்கம் வேர்த்தா ஒட்டின இடத்துல பூசணம் பிடிக்கும்.