தாமாகவே பதவி விலகிய தலைவர்கள் யார் யார்? உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அதிகாரம் கையில் இருந்தும் விலகிப்போன தலைவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 27 ஆண்டுகள் சிறையில் இருந்த மண்டேலா 1994-இல் அதிபரானார். ஒரே தவணையோடு 1999-இல் ஒதுங்கிக்கொண்டார். மறுபடி நின்றிருந்தால் வென்றிருப்பார் என்றே நினைக்கிறேன். அதனால்தான் அந்த முடிவு என்னை இவ்வளவு உலுக்குகிறது. வாஷிங்டன் (1797), தான்சானியாவின் நைரேரே (1985) இருவரையும் சேர்த்துவிட்டேன். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் 305-இல் முடி துறந்தார். உடல்நலக் குறைவும் காரணம் என்பதால் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

பட்டியலில் பெண் ஒருவர்கூட இல்லாதது உறுத்துகிறது. பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பதவி விலகிய பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும். தமிழில் நல்ல வாழ்க்கை வரலாறு படித்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.