ஆறாம் வாரத்தில் தாழ்த்திய கார்

புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "முதலில் எதை மாற்றலாம்?" அப்போது வண்டிக்கு இரண்டாம் முறை எரிபொருள்கூட நிரப்பியிருக்க மாட்டார்கள். கிண்டல் செய்யவில்லை. நானும் அப்படிக் கேட்டவன்தான். கேட்டதோடு நிற்காமல் செய்தும் தொலைத்தேன். என் கதையை எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததை நீங்களும் கீழே எழுதுங்கள்.

என்னுடையது இரண்டு கதவு வண்டி. இரண்டு லிட்டர் என்ஜின், டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும் கருவி) இல்லை, பின்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர். வாங்கிய நாளிலிருந்து என் கண்ணை உறுத்தியது ஒன்றுதான். டயருக்கும் அதன் மேலுள்ள வளைவுக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாக நுழையும். படங்களில் பார்த்த கார்களில் டயர் அந்த வளைவுக்குள் செருகினாற்போல் உட்கார்ந்திருக்கும். என் வண்டியோ, சேற்றைத் தாண்டுகிறவர் ஆடையைத் தூக்கிப் பிடித்தாற்போல் நின்றது.

ஆறாம் வாரம், 30 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகள் நான்கை வாங்கி மாட்டினேன். ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்களைத் தொடவில்லை. புதியவைதானே, எதற்கு வீண் செலவு என்று நினைத்தேன். வீல் அலைன்மென்ட்டும், அதாவது சக்கரங்களின் கோணமும், பார்க்கவில்லை. ஸ்டீயரிங் நேராகத்தான் இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் முழுவதும் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அழகாக இருந்தது என்பதை இன்றும் மறுக்க மாட்டேன்.

ஒரு மாதம் கழித்து, நான் தினமும் போகும் சாலையில் ஒரு நீண்ட வலது வளைவு. அதன் நடுவில் தாரில் ஒரு சிறு மேடு உண்டு. முன்பெல்லாம் அந்த மேட்டை உணர்ந்ததே இல்லை. அன்று அதே வேகத்தில் போனபோது பின்பக்கம் ஒரு குத்து வாங்கி, அரை அடி வெளியே துள்ளியது. ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளித்துவிட்டேன். சமாளித்ததில் எனக்கு ஒரு பெருமை வேறு! 'இறுக்கமான சஸ்பென்ஷன் என்றால் இப்படித்தான் இருக்கும்' என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். மனிதன் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு எவ்வளவு பெரிய வக்கீலாக இருப்பான் என்பது அன்றுதான் தெரிந்தது.

உண்மையைக் காட்டியவர் வயதான மெக்கானிக் ஒருவர். அவர் என்னோடு வாதாடவே இல்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின் ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டில் மெல்லிய பிளாஸ்டிக் கட்டு ஒன்றைச் சுற்றி இறுக்கி, அதைத் தண்டின் அடிவரை தள்ளிவிட்டார். ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவோமே, அந்தக் கட்டுதான். "ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டிவிட்டு வாருங்கள், தம்பி" என்றார். சக்கரம் மேலே ஏறும்போதெல்லாம் ஷாக்கின் உடல் அந்தக் கட்டை மேலே தள்ளும். சக்கரம் இறங்கும்போது கட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். ஆக, அந்த வாரத்தில் சஸ்பென்ஷன் அதிகபட்சமாக எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். கட்டு, தண்டின் மேல்நுனியில் உள்ள ரப்பர் தடுப்பில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ரப்பரில் அது அழுந்திய தடம். வண்டி சும்மா நிற்கும்போது ஷாக்குக்கும் அந்த ரப்பருக்கும் இடையே மீதமிருந்த தூரம் என் சுண்டுவிரல் அகலம். ஸ்பிரிங் வேலை செய்யவேண்டிய இடத்தை நான் அழகுக்காகத் தின்றுவிட்டேன். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அந்த ரப்பரில் முட்டியதும் ஸ்பிரிங் திடீரென்று பல மடங்கு விறைத்ததுபோல் ஆகிவிடுகிறது. பாரம் மொத்தமும் ஒரே நொடியில் அந்த டயரின் தலையில் இறங்குகிறது, டயர் பிடியை விட்டுவிடுகிறது. நான் பெருமைப்பட்ட அந்தத் துள்ளல் இதுதான்.

அவர் டயரையும் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புதிதாக இருந்தது. உட்பக்க ஓரத்தில் கையை விட்டுத் தடவச் சொன்னார். மொழுமொழுவென்று இருந்தது. வண்டி தாழ்ந்தால் சக்கரத்தின் சாய்வும், அது உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவும் மாறிவிடும். அலைன்மென்ட் பார்க்காததற்கு 7,000 கிலோமீட்டரில் நான் கொடுத்த வாடகை இரண்டு டயர்.

ஏர் ஃபில்டர் கதை சின்னது. கம்பெனிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவில் திறந்த ஃபில்டர் ஒன்றை மாட்டினேன். உறுமல் அருமை. வண்டி பறக்கிறது என்று சத்தியம் செய்திருப்பேன். ஒரு நண்பர் தன்னுடைய சிறிய கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள செருகுதுளையில் மாட்டி, என்ஜின் உறிஞ்சும் காற்றின் வெப்பத்தைக் காட்டினார். வெளியே 31 டிகிரி. நெரிசலில் ஊர்ந்தபோது ஃபில்டர் இழுத்த காற்று 58 டிகிரி. 'குளிர்காற்று' என்ற பெயரில் நான் வாங்கியது, பானெட்டுக்குள் வெந்த காற்றைத்தான் குடித்துக்கொண்டிருந்தது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அடர்த்தி குறைந்தால் சக்தியும் குறையும். கம்பெனிப் பெட்டி முன்கிரில்லின் அருகிலிருந்து வெளிக்காற்றை இழுக்கும்படி அமைந்தது. மூன்றாம் கியரில் 60-லிருந்து 100 வரை பல முறை நேரம் எடுத்துப் பார்த்தோம். இரண்டு ஃபில்டருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. காதுக்கு மட்டும்தான் வேகம்.

என்னைக் கேட்டால் ஒரு வருடம் எதையும் தொடாதீர்கள். முதல் 1,500 கிலோமீட்டர் வரை என்ஜினை விரட்டாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடித்து ஓட்டாமல் பழக்குங்கள். உங்கள் வண்டியின் கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். புது டயரின் மேல்தோல் தேய்ந்து முழுப்பிடி வரவே சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதற்குள் 'இந்த வண்டிக்குப் பிடி போதாது' என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

* * *

உங்கள் கதையைப் படித்தேன், இது என்னுடையது. நான் ரேஸ் பாதையில் கற்றுக்கொண்டவன். அங்கே வண்டியின் குறை தானாகவே வெளியே வரும். ஆனால் நாம் எதிர்பார்த்த குறையாக இருக்காது.

புது வண்டியோடு முதல் முறை போனபோது என் கவலையெல்லாம் சக்தியைப் பற்றியே இருந்தது. நான்காவது சுற்று. நீண்ட நேர்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தேன். கால் எப்போதும் நிற்கும் இடத்தைத் தாண்டி உள்ளே போனது, ஈரப் பஞ்சை மிதித்ததுபோல. இரண்டாம் முறை குத்தி மிதித்த பிறகே வேகம் குறைந்தது. மண்ணில் இறங்கி நின்றேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் முழங்கால் வெகுநேரம் நடுங்கியது.

பிரேக் ஆயில் கொதித்துவிட்டிருந்தது. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியை அழுத்தினால் சுருங்கும். நாம் மிதிக்கும் மிதி, டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் பேடுக்குப் போகாமல் குமிழைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். அதோடு இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய நிலைக்கு அதே தரம் கேட்பது 155 டிகிரிதான். டாட் 5.1-க்கு 260, 180. பெயரைப் பார்த்து ஏமாந்து டாட் 5-ஐ வாங்கி ஊற்றிவிடாதீர்கள். அது சிலிகான் வகை, மற்றவற்றோடு சேராது.

புது ஆயிலும் கூடுதல் வெப்பம் தாங்கும் பேடுகளும் மாற்றினேன். அவ்வளவுதான். அதன் பிறகு அதே பாதையில் அரை நாள் ஓட்டியும் பெடல் இருந்த இடத்திலேயே நின்றது. வெளியிலிருந்து பார்க்கிறவர் யாருக்கும் இந்த மாற்றம் தெரியாது. அதனால்தானோ என்னவோ, யாரும் இதை முதலில் கேட்பதில்லை.

* * *

என் பங்குக்கும் சுருக்கமாக ஒன்று. அலாய் வீல் மாற்றியபோது பழைய நட்டுகளையே போட்டுவிட்டேன். பழைய சக்கரத்தில் நட்டு உட்காரும் குழி உருண்டை, புதியதில் கூம்பு. இரண்டும் மரை ஏறும், இறுகும், இறுகிய மாதிரியே தெரியும். உண்மையில் ஒரு மெல்லிய கோட்டளவு விளிம்பில்தான் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் அதிர்ந்தது. பேலன்ஸ் சரியில்லை என்று நினைத்து ஓரம் கட்டினேன். ஐந்து நட்டுகளில் மூன்றை விரலாலேயே திருக முடிந்தது. சக்கரம் மாற்றினால் நட்டின் வடிவத்தையும் நடுத்துளையின் அளவையும் பாருங்கள். முறுக்கு அளவுகாட்டும் ஸ்பேனரால் இறுக்குங்கள். 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி சரிபாருங்கள்.

* * *

என்னைப்போல் டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சபலம் வேறு வகை. எங்களுக்கு ஸ்பேனரே தேவையில்லை. மடிக்கணினியைச் செருகி என்ஜினின் மென்பொருளை மாற்றினால் போதும், அரை மணி நேரத்தில் சக்தி கூடிவிடும். டர்போ இல்லாத என்ஜினில் இதே வேலை செய்தால் பலன் சொற்பம். எங்களுக்கோ உண்மையிலேயே நன்றாகக் கூடும். அதுதான் ஆபத்து.

எனக்கு நான்கு மாதம் சொர்க்கம். பிறகு ஒரு நாள் ஆறாம் கியரில், 2,500 ஆர்.பி.எம்.மில் (என்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் கணக்கு) ஏற்றத்தில் முழுதாக மிதித்தேன். ஆர்.பி.எம். முள் 3,500-க்குத் தாவியது. வேகமுள் அசையவில்லை. கிளட்ச் நழுவுகிறது. கம்பெனி அந்தக் கிளட்சை எவ்வளவு முறுக்குவிசைக்குக் கணக்கிட்டுச் செய்ததோ அதைத் தாண்டி நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல் வாரண்டியில் கொண்டுபோய் விட்டேன். மென்பொருள் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கைப் பல கார்களின் கணினி தானே வைத்துக்கொள்கிறது என்பது எனக்குத் தெரியாது. அவர்கள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பணம் கட்டிவிட்டு வந்தேன். அவர்கள்மீது தப்பும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் சிறிய டர்போ என்ஜின்களை 1,500 ஆர்.பி.எம்.மில் பெரிய கியரில் வைத்துக்கொண்டு முழுதாக மிதிக்காதீர்கள். எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கக்கூடும். மென்பொருள் மாற்றிய வண்டியில் இந்த அபாயம் இன்னும் கூடுதல். காப்பீட்டு நிறுவனத்திடமும் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்களே கண்டுபிடித்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

* * *

மேலே முதலில் எழுதிய நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு வருடம் கை வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் பொருந்தாது.

நான் உயரமானவன். வண்டி வந்த முதல் வாரத்திலேயே ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். தலை கூரையில் இடித்தது. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமா? ஓட்டுநர் இருக்கை மெத்தையின் பஞ்சில் இரண்டு விரற்கடை சீவிக் குறைத்தேன். முதுகுப்பகுதியில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்ததால் அதைத் தொடவே இல்லை. இருக்கையையே மாற்றாததற்குக் காரணமும் அதுதான். ஒரு மதிய வேலை. என் தோள் இப்போது முதுகுச் சாய்வோடு ஒட்டி இருக்கிறது, பெடலுக்குக் கால் சரியான கோணத்தில் போகிறது. ஆறு வருடமாக அந்த வண்டியில் நான் செய்த மிக நல்ல காரியம் இதுதான். முதல் வாரத்தில் செய்தது.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி வருகிறேன். உயரமான நண்பருக்கு: ஒப்புக்கொள்கிறேன். உங்கள் தலை இடித்தது, நீங்கள் சரிசெய்தீர்கள். எனக்கு எதுவும் இடிக்கவில்லை, ஒரு படம்தான் இடித்தது. 'ஒரு வருடம்' என்பதை அடித்துவிட்டு, 'வண்டி கேட்கும்வரை' என்று படியுங்கள்.

தனிமடலில் ஒருவர் அகலமான டயர் போடலாமா என்று கேட்டிருந்தார். அவருக்கான பதிலை இங்கேயே சொல்கிறேன். 2012-இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து கொண்டுவந்த ஜிடி86, பிஆர்இசட் கார்களுக்கு 215 மில்லிமீட்டர் அகலமுள்ள, மிச்செலின் பிரைமசி என்ற சாதாரண சாலை டயர்தான் பல சந்தைகளில் கொடுத்தார்கள். சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் காரில்கூட வந்த ரகம். கஞ்சத்தனம் என்று அப்போது பலர் திட்டினார்கள். குறைந்த வேகத்திலேயே வண்டி நழுவத் தொடங்க வேண்டும், ஓட்டுகிறவர் அதை உணர்ந்து விளையாட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே செய்தது அது. அதே காரில் அகலமான, ஒட்டும் டயரை மாட்டினால் பிடி கூடும். விளையாட்டு தொடங்கும் வேகமும் கூடும். உங்கள் வண்டியின் டயர் தேயட்டும், தேயும்வரை அது என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அடுத்த ஜோடியை வாங்கும்போது நல்ல ரப்பராகப் பாருங்கள், அகலத்தை அல்ல.

இன்னொருவர், கழற்றிய பாகங்களை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தார். ஐயா, விற்காதீர்கள். நான் கம்பெனி ஸ்பிரிங்குகளை ஒருவருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு அதே ஸ்பிரிங்குகளைத் தேடி இரண்டு மாதம் அலைந்தேன். போல்ட், வாஷர் உட்பட எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, எது எந்தப் பக்கத்தினது என்று எழுதி ஒட்டிவையுங்கள்.

என் வண்டி இப்போது பழைய உயரத்தில்தான் நிற்கிறது. நான்கு விரல் இடைவெளி அப்படியே இருக்கிறது. நிறுத்திவிட்டுப் போகும்போது இப்போதும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. மெக்கானிக் போட்ட பிளாஸ்டிக் கட்டை நான் கழற்றவில்லை, மறுபடி தண்டின் அடிக்கு இறக்கிவிட்டேன். போன சர்வீஸில் வண்டியைத் தூக்கியபோது பார்த்தேன், ரப்பருக்குக் கீழே ஒன்றரை அங்குலம் தள்ளி நின்றுகொண்டிருந்தது.